திருமுகமும் திரைமுகமும்

கடிதத்திற்குத் 'திருமுகம்' என்று பெயரிட்ட தமிழின் நயத்தை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. எழுதியவர் வரவில்லை, அவர் முகம் மட்டும் ஓலையேறி வந்துவிட்டது என்று அச்சொல் சொல்வதாகவே எனக்குத் தோன்றும். புனித பவுல் கொலோசையருக்கு எழுதுகையில், உடலால் தொலைவில் இருப்பினும் உள்ளத்தால் அவர்களோடு இருப்பதாக உரைக்கிறார். யோவானோ தம் இரண்டாம் திருமுகத்தின் இறுதியில், எழுத வேண்டியவை இன்னும் பல இருந்தும், தாளையும் மையையும் விடுத்து நேரில் வந்து பேசவே விரும்புகிறார். தொலைவில் இருப்போரோடு ஒன்றித்து உழைப்பது எங்ஙனம் என்னும் வினா திருச்சபைக்குப் புதிதன்று.

இன்று அவ்வினா திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் எழுந்து நிற்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கொள்முதலாளர்கள் விமானமேறி வந்து, துணியைத் தடவிப் பார்த்து ஆர்டர் தந்து செல்வது இவ்வூரின் வழக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வான்வழி அடைபட்டபோது, கணினித் திரை ஒன்றே இரு தரப்புக்கும் பாலமாயிற்று. பெருந்தொற்று தணிந்த பின்னரும் அப்பாலம் நிலைத்துவிட்டது.

அண்மையில் என் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், தாம் பணிபுரியும் நிறுவனத்தில் இதற்கென அமைத்த புதிய அறையை மந்திரிக்க என்னை அழைத்திருந்தார். கேமராவைக் கண்மட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். உயரத்தில் வைத்தால் பேசுபவர் குனிந்தவராகவே தெரிவாராம். ஜன்னல் வெளிச்சம் முதுகில் விழுந்தால் முகம் இருண்டுவிடும் என்று நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். வெற்றுச் சுவரில் குரல் மோதி எதிரொலிக்காதிருக்க, தங்கள் தறியில் பின்னிய தடித்த துணியையே சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அனைத்தையும் விளக்கிய பின் அன்பர் சிரித்தபடி சொன்னார்: "எல்லாம் சரிதானுங்க சாமி, துணியோட நிறத்தை மட்டும் இந்தத் திரையில நம்ப முடியாதுங்க."

ஆகவே சாயமிட்ட துணித் துண்டு கூரியரில் கடல் கடந்து செல்கிறது. அங்கே விளக்குப் பெட்டியின் ஒளியில் வைத்து அதன் நிறத்தை ஒப்பிடுகிறார்கள். மென்மையையும் இழுவையையும் விரலால் அறிகிறார்கள். ஒப்புதல் பெற்ற சாம்பிளில் ஒன்று அங்கும், அதே போன்ற மற்றொன்று இங்கும் முத்திரையிட்டு வைக்கப்படுகிறது. இதைக் கேட்டதும் குருமடத்தில் படித்த ஒரு கிரேக்கச் சொல் நினைவிற்கு வந்தது. 'சிம்பொலோன்' என்பது இரண்டாக உடைக்கப்பட்ட ஓர் அடையாளப் பொருள். ஒரு பாதி ஒருவரிடமும் மறு பாதி மற்றவரிடமும் இருக்கும்; இரண்டும் பொருந்தினால் உறவு உறுதியாகும். நம் விசுவாச அறிக்கைக்குச் 'சிம்பொலும்' என்னும் இலத்தீன் பெயர் இதிலிருந்தே வந்தது. கையில் உண்மையான துணி இருப்பதாலன்றோ திரையில் நிகழும் பேச்சுக்குப் பொருள் இருக்கிறது!

நாமும் இதை அனுபவித்து அறிந்தவர்களே. 2020 மார்ச் 27 அன்று ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில், பெய்யும் மழையில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று மன்றாடியதைத் திரையில் கண்டு உலகமே கலங்கியது. பூட்டிய ஆலயங்களிலிருந்து திருப்பலியும் இல்லங்களை அடைந்தது. அது பேராறுதல். எனினும் இணையத்தில் அருள்சாதனங்கள் இல்லை என்று திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு அவை 2002ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியிருந்தது. வாக்கானவர் உடலெடுத்தே நம்மிடையே வந்தார். அப்பமும் கையில் வைக்கப்பட வேண்டும்.

மந்திரித்து முடித்ததும் அறையிலிருந்த நாற்காலிகளை எண்ணினேன்: ஆறு. முதலாளிக்கு, மெர்ச்சண்டைசருக்கு, உற்பத்தி மேலாளருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தது. கதவுக்கு அப்பால் தையல் கூடம். அங்கே ஓவர்லாக் இயந்திரத்தின் முன் ஒடிசா இளைஞரும், செக்கிங் மேசையருகே நம் ஊர்ப் பெண்களும். இந்த அறையில் அனுப்பும் தேதி ஒரு வாரம் முன்னுக்கு வந்தால், குறைவது அவர்களுடைய உறக்கம். வேலையிட நிலைமையைத் தணிக்கை செய்வதற்கும் காணொலியைப் பயன்படுத்தத் தொடங்கியுள்ள காலம் இது. கேமரா திருப்பிய பக்கத்தையே பார்க்கும். மேற்பார்வையாளர் அருகில் நிற்கையில் தொழிலாளி தரும் விடை அவருடைய சொந்த விடையாகுமா?

2021ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், பிலிப்பு நத்தனியேலை அழைத்ததையே கருப்பொருளாக்கினார். மனிதர்களை அவர்கள் இருக்கும் இடத்திற்கே சென்று, இருக்கும் நிலையிலேயே சந்திக்க வேண்டும் என்றார். அதை நினைவுகூர்ந்து, ஏழாவதாக ஒரு நாற்காலியைத் தையல் கூடத்திலிருந்து வருபவருக்கென இடலாமே என்றேன். அன்பர் தலையசைத்தார்; உடனே விடை சொல்லவில்லை. முடிவெடுப்பவர் அவரல்லர் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆயினும் இத்தகைய அறைகளில் அமரும் வாசகர்கள் நம்மிடையே பலர் உண்டு. நாற்காலி இடும் அதிகாரம் எல்லோர்க்கும் இராது. எழுந்து செல்லும் கால்கள் உண்டு. அடுத்த முறை ஒரு தேதிக்கு இசைவு தருமுன், திரையைச் சற்று நிறுத்திவிட்டுக் கூடத்திற்குள் ஒருமுறை நடந்து சென்று, அதைத் தைக்கப்போகிறவரிடம் கேளுங்கள். அவருடைய முகமும் திருமுகமே.