தீபாவளி ஈரம்

ரெண்டு வாரமா எதுவும் எழுத முடியலை. செட்டுல கோழிக்கு ரத்தக் கழிச்சல்.

5,000 கோழி செட்டு நம்முளுது. இந்த பேட்ச்சில் குஞ்சு நல்லாவே வந்தது. தினம் நாலஞ்சுக்கு மேல் சாகவில்லை. 23ஆம் நாள், 11 மூட்டை தீவனம் தின்ன வேண்டிய கோழி 9 மூட்டையோடு நிறுத்திவிட்டது. மழை நேரம், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். குளிருக்குக் கோழி கூடத்தான் தின்னும். இது தெரிஞ்சும் விட்டேன் பாருங்க.

மறுநாள் காலையில் வீட்டுக்காரி, "ஏனுங்க, இங்க வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டாள். மஞ்சித் தூள் மேல் செங்காவி நிறத்தில் எச்சம். சில இடத்தில் வெறும் ரத்தமாவே கிடந்தது. பத்திருபது கோழி இறகை உப்பிக்கிட்டு, கண்ணை மூடி மூலையில் நின்றது. செத்ததை எண்ணினால் 31.

சூப்பர்வைசர் தம்பிக்குப் போன் போட்டேன். "தீவனத்துலயே மருந்து கலந்துதானுங்கண்ணா வருது" என்றார். வாஸ்தவம். ஆனால் தீவனமே எடுக்காத கோழிக்கு அந்த மருந்து எப்படிப் போகும்? நோவு கண்ட கோழி தின்னாட்டியும் தண்ணி குடிக்கும். அதனால் தண்ணியில் கலக்கிற ஆம்ப்ரோலியம் பவுடர் வாங்கியாந்து கொடுத்தேன். தெம்புக்கு இருக்கட்டும்னு பி காம்ப்ளெக்ஸ் டானிக்கும் அதே டேங்கில் ஊற்றினேன். மறுநாள் 48. அதுக்கு மறுநாள் 52.

செத்த கோழி நாலை எடுத்துக்கிட்டு கால்நடை டாக்டர்கிட்ட ஓடினேன். கோழிக்குக் குருட்டுக் குடல் ரெண்டு. ரெண்டும் வீங்கி, உள்ளே கட்டி கட்டியா ரத்தம். "மருந்தோட வேற என்னங்க குடுக்கறீங்க?" என்று கேட்டார். டானிக்கைச் சொன்னேன். ஆம்ப்ரோலியம் பார்க்க பி1 வைட்டமின் மாதிரியே இருக்குமாம். குடலில் இருக்கிற ஐமீரியா கிருமி வைட்டமின்னு ஏமாந்து அதை எடுத்துக்கிட்டு, நிஜ வைட்டமின் கிடைக்காமல் ஒடுங்கிப் போகுமாம். நான் நிஜத்தையே பக்கத்தில் ஊத்தி வச்சு, மருந்தோட வேலையைக் கெடுத்திருக்கேன். டானிக்கை நிறுத்தச் சொல்லி, ரத்தம் நிற்க வைட்டமின் கே எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் கேட்டார்: "ஒரு வாரத்துக்கு முன்னால செட்டுக்குள்ள எங்கயாச்சும் ஈரம் இருந்துச்சா?"

தீபாவளி! மேக்காலப் பக்கம் ஒரு நிப்பிள் ஒழுகிக்கிட்டு இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. ரெண்டு நாள் மஞ்சியைக் கிளறலை. எச்சத்தில் வெளியே வருகிற கிருமி முட்டைக்கு ஈரமும் சூடும் காத்தும் கிடைத்தால், ஒண்ணு ரெண்டு நாளில் நோய் கொடுக்கிற பக்குவத்துக்கு வந்துவிடும். அதைக் கோழி கொத்தித் தின்ன அஞ்சாறு நாளில் ரத்தம். விரல் விட்டு எண்ணினால் கணக்கு அந்த நிப்பிள்கிட்டத்தான் போய் நிற்குது.

பினாயில் தெளிக்கட்டுமான்னு கேட்டேன். அந்த முட்டை ஓடு பினாயிலுக்கெல்லாம் அசையாதாம். "காய வைங்க" என்றார், அவ்வளவுதான். வந்து நிப்பிளை மாத்தினோம். ஈர மஞ்சியை அறுபது கூடைக்கு மேல் அள்ளி வெளியே கொட்டிட்டு, காஞ்சதைப் போட்டோம். காலையும் சாயங்காலமும் கிளறினோம். எனக்கு இடுப்பு போச்சு, அவளுக்குக் கை போச்சு. நாலாம் நாள் ரத்தம் நின்றது.

மொத்தம் 214 கோழி போச்சுங்க. பொழைச்சதும் எடை ஏறலை. குடல் புண்ணானால் தின்னது உடம்பில் ஒட்டாது. கம்பெனிக் கணக்கில் வளர்ப்புக் கூலி குறைஞ்சு, கரண்ட் பில்லும் மஞ்சிக் காசும் போகக் கையில் நின்னது சொற்பம். வீட்டுக்காரிகிட்ட புலம்பினேன். "மக வந்த அன்னைக்கு செட்டே கதின்னு கிடந்திருந்தா, அவ மொகம் வாடியிருக்கும். அது பரவால்லீங்களா?" என்றாள். எனக்குப் பதில் வரலை.

அடுத்த வாரம் புதுக் குஞ்சு இறங்குது. நேத்து நிப்பிள் லைனில் தண்ணி விட்டுப் பார்த்தேன், இன்னும் மூணு சொட்டுது. நாளைக்குப் பல்லடம் போய் வாங்கியாரணும்.