உறுதி

காணி என்றால் உறுதி இருக்கும். மாடு என்றால் குறி இருக்கும். பங்கு வாங்கியவனிடம் என்ன இருக்கும்? 2005இல் வவுனியாவில் இருந்துகொண்டு நான் இந்தக் கேள்வியோடுதான் திரிந்தேன்.

அந்த வருஷம் டயலொக் டெலிகொம் தன் பங்குகளை முதன்முறையாகப் பொதுமக்களுக்கு விற்றது. பங்கொன்று 12 ரூபாய். அதற்கு முன், 2002இன் கடைசியில், ஸ்ரீலங்கா டெலிகொம் பங்குகள் 15 ரூபாய்க்கு வந்தபோது என் கையில் காசில்லை. அமெரிக்காவில் கணினி, மென்பொருள் என்று சனங்கள் வாங்கிக் குவித்த தொழினுட்பப் பங்குகளுக்கு நம் நாட்டில் கிட்டிய சொந்தம் இவை இரண்டும்தான்.

வாங்குமுன் மௌலவி ஒருவரிடம் போனேன். தொலைபேசித் தொழில் ஹலால்தான், ஆனால் கம்பனியின் வட்டிக் கடனையும் பார் என்றார். பங்குகளின் மொத்தச் சந்தைப் பெறுமதியில் அந்தக் கடன் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இஸ்லாமிய நிதித்துறை அறிஞர்கள் வைத்த அளவுகோல். வட்டியாக வந்த சிறுபங்கை இலாபத்திலிருந்து பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கொழும்புத் தரகர் ஒருவர் மூலம், ஓர் ஆசிரியரின் சேமிப்புக்கு ஏற்ற அளவு வாங்கினேன். தபாலில் வந்தது ஒரு கணக்குக் கூற்று மட்டும். பங்குகள் மத்திய வைப்பில் பதிவாக மாத்திரம் இருந்தன. மாமா, என் மனைவியின் வாப்பா, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உறுதி எங்க மகன்?"

"இதுதான் மாமா. மிச்சமெல்லாம் கொம்பியூட்டர்ல."

அவர் சிரித்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் அவரும் ஒருவர். முல்லைத்தீவுக் காணியின் உறுதியை ஒரு சீலைப்பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அவரிடம் உறுதி இருந்தது, காணி இல்லை. எனக்கோ சொத்து இருந்தது, உறுதி இல்லை.

2006இல் ஏ-9 பாதை மூடப்பட்டது. 2008இல் கம்பனி நட்டம் காட்டியது. பங்கு 12 ரூபாய்க்கும் வெகு கீழே இறங்கியது. பத்திரிகையின் விலைப்பட்டியலை நான் பார்த்துக்கொண்டிருக்க, மாமா கேட்டார்:

"கோபுரமெல்லாம் நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப ஏன் முகம் வாடுது?"

கோபுரம் கட்ட வாங்கிய கடனும் நிற்கிறது மாமா என்றேன். ஆண்டறிக்கையை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். பங்காளி என்றால் கடனிலும் பங்காளிதான். அவர் தலையாட்டினார். கூட்டு வியாபாரம் செய்த மனிதருக்கு அது புதிய சேதியல்ல.

யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பின் அவர் தன் காணியைத் தேடிப் போனார். வேலி இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, காடு மண்டிக் கிடந்தது. அங்கிருந்து கைத்தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தெளிவாகக் கேட்டது.

"பாலைமரம் நிக்குது மகன். உறுதியில எழுதின அதே மரம்."

பங்குகளை நான் விற்கவில்லை. ஆண்டறிக்கை வந்தால் இலாபத்தைப் பார்க்குமுன் கடன் பக்கத்தைத்தான் புரட்டுகிறேன்.