வாயில்லா ஜீவனிடம் படித்த பாடம்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முயல் வந்துவிட்டது. சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். முதல் வருஷம் மினி டிராஃப்டர் வாங்கக் காசில்லாமல் நான் விழித்தபோது, கை கொடுத்தது வீட்டு முயல் ஜோடிதான். ஆண் மணி, பெண் வெள்ளச்சி. முயலுக்குச் சினைக் காலம் 31 நாள்தான். குட்டி விற்ற காசில் டிராஃப்டர் வந்தது, ரெக்கார்டு நோட்டும் வந்தது.

இரண்டுக்கும் அடுத்தடுத்த கூண்டு, நடுவில் கம்பிவலை. பகலெல்லாம் அந்த வலையை ஒட்டியே இரண்டும் படுத்துக் கிடக்கும்.

போன மே மாதம், அக்னி நட்சத்திரம். மறுநாள் தெர்மல் பரீட்சை. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் உடம்புச் சூடு இறங்கும். மத்தியானம் கூண்டு மேல் சாக்கை நனைத்துப் போடுவது என் வேலை. வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த நான் அதை மறந்துவிட்டேன். மூன்று மணிக்குப் போனால் வெள்ளச்சி விறைத்துக் கிடந்தாள். வேப்பமர நிழல் பக்கம் இருந்ததால் மணி பிழைத்தான்.

யாரும் வருவதற்குள் முருங்கையடியில் புதைத்துவிட்டேன். "ஏதோ சீக்குப்பா" என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

அன்று ராத்திரி முதல் மணி புல்லைத் தொடவில்லை. வலையை முகர்வதும் மூலையில் ஒடுங்குவதுமாக இருந்தான். பரீட்சை எழுதிவிட்டு வந்தும் பார்த்தேன், அப்படியே. "மிஞ்சினதையாவது வித்துருடா" என்றார் அப்பா. நான் அழுததைப் பார்த்து அவரே சைக்கிளில் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார்.

"முயல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா குடல் நின்னுரும், உயிருக்கே ஆபத்து" என்ற டாக்டர், "ஜோடி எப்படிச் செத்துச்சு? சீக்குன்னா இதுக்கும் வைத்தியம் வேற" என்று கேட்டார்.

அப்பா பக்கத்தில் நிற்கிறார். நான் என்ன செய்ய? "சீக்கு இல்ல சார், வெயில். நான்தான் சாக்கு நனைக்கல" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். "செத்ததை உடனே புதைச்சிருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் பக்கத்துல விட்டா மோந்து பார்த்துப் புரிஞ்சுக்கும். இல்லாட்டி தேடும். கூண்டை மாத்தாதே, பக்கத்துலயே இரு" என்றார்.

ராத்திரி கூண்டடியில் பாய் போட்டேன். ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். விடியற்காலையில் கண் விழித்தால், அப்பா ஒரு கை அருகம்புல்லோடு உட்கார்ந்திருக்கிறார்! மணி ஒரே ஒரு தாளைக் கடித்தான். "பரீட்சைக்குப் படிக்கிறவன் மறப்பான்டா. பொய்தான் சொல்லக்கூடாது" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்குட்டி வாங்கினோம். இரண்டு வாரம் தனியே வைத்தோம். வாசனை பழக இரண்டின் சாக்கையும் மாற்றி மாற்றிப் போட்டோம். பிறகுதான் அடுத்த கூண்டு. முதல் நாள் மணி பின்னங்காலால் தரையைத் தட்டி மிரட்டினான். பத்தாம் நாள் வலையை ஒட்டிப் படுத்தான்.

நண்பர்களே, நம் வகுப்பில் ஒருவன் திடீரென்று சாப்பிடாமல், பேசாமல் மூலையில் ஒதுங்கினால் "சாப்பிடுடா" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

இப்போதும் வெயில் நாளில் நான் புத்தகத்தை எடுத்தாலே அப்பா கேட்பது இதைத்தான்: "சாக்கு நனைச்சாச்சாடா?"