நெற்றிக்குப் போட்ட ஊசி

புனேயில் ஒரு கூட்டுறவு வங்கியின் காசாளர் அவர். வயது 47. கவுன்டரில் தன் நாற்காலியை வலது பக்கம் திருப்பிப் போட்டுத்தான் உட்காருவார். கழுத்து தானாக இடது தோளை நோக்கித் திருகிக்கொள்ளும். நாற்காலி கோணலாக இருந்தால்தான் முகம் வாடிக்கையாளரைப் பார்க்கும். தாடையை விரலால் தொட்டால் சற்று நேரம் தலை நேராக நிற்கும். எண்ணெய், பிசியோதெரபி, நேர்த்திக்கடன் என்று இரண்டு வருடம் போன பிறகுதான் நரம்பியல் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: செர்விகல் டிஸ்டோனியா.

மருந்து ஒரு விஷம். பெல்ஜியத்தில் 1895இல் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன இசைக் குழுவினர், கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்டுச் செயலிழந்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியில் வான் எர்மெங்கெம் கண்டுபிடித்த கிருமி சுரக்கும் நஞ்சுதான் பொட்டுலினம். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது தடுக்கிறது. சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் அதை மாறுகண்ணுக்குப் பயன்படுத்தினார். அமெரிக்கா 1989இல் அனுமதித்தது. முகச் சுருக்கத்துக்கான அனுமதி 2002இல்தான் வந்தது. இன்று பலருக்குத் தெரிந்ததென்னவோ அந்தக் கடைசி உபயோகம் மட்டும்தான்.

முதல் ஊசி போட்ட பத்தாம் நாள் காசாளர் தலையை நேராக வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். ஒவ்வொரு தடவையும் பலன் மூன்று மாதம். மூன்றாம் மாதம் கழுத்து மெல்லத் திருகத் தொடங்கும்போது பயம் வந்துவிடும். கெஞ்சிக் கேட்டு இரண்டே மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டதும் உண்டு. அடுத்து ஒரு கல்யாணம். தோழி ஒருத்தி அழகு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். நெற்றிக்கு ஊசி, இரண்டு வாரம் கழித்து 'டச்-அப்', பிறகு இன்னொன்று. ரசீதில் மருந்தின் பெயரும் இல்லை, யூனிட் கணக்கும் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் அவர் சொல்லவில்லை. இந்த வயதில் இதெல்லாமா என்று கேட்டுவிடுவாரே!

நான்காம் வருடம் கழுத்து ஊசி பலிக்கவில்லை. அளவைக் கூட்டியும் பலனில்லை. குளிர்பதனம் கெட்டதா, சரியான தசையில் விழவில்லையா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "மேடம், வேறு எங்காவது ஊசி போட்டுக்கொண்டீர்களா?" என்றார். அன்றுதான் கல்யாணக் கதை வெளியே வந்தது.

நெற்றிச் சுருக்கத்துக்குத் தேவை 20 யூனிட் அளவுதான். அது மட்டும் போட்டுக்கொள்பவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு. கழுத்துக்கு 200, 300 யூனிட் போகிறது. மருந்தின் புரதத்தை உடல் அந்நியனாகப் பார்த்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அளவு கூடினாலும் இடைவெளி குறைந்தாலும் அதற்கு வாய்ப்பு அதிகம். போடாக்ஸின் 100 யூனிட்டில் முன்பு 25 நானோகிராம் புரதம் இருந்தது. 1997 இறுதியில் 5 ஆகக் குறைத்த பிறகு பிரச்னை வெகுவாகக் குறைந்தது. ஆனால் மறையவில்லை. மூன்று மாத இடைவெளியை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். இடையில் போடும் 'டச்-அப்' அந்தக் கணக்கையே குலைத்துவிடுகிறது.

சோதனை எளியது. நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் ஊசி. மருந்து வேலை செய்தால் அந்தப் பக்கப் புருவம் உயராது. இரண்டு வாரம் கழித்துக் கண்ணாடி முன் புருவத்தை உயர்த்தச் சொன்னார்கள். இரண்டும் ஒரே மாதிரி உயர்ந்தன. நெற்றியில் சுருக்கம் அழகாக, வரி வரியாக விழுந்தது. காசாளர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

எதிர்ப்பொருள் தானாகக் குறைய வருடங்கள் ஆகலாம், குறையாமலும் போகலாம். பி வகை நஞ்சுக்கும் உடல் சீக்கிரமே எதிர்ப்பைப் பழகிக்கொள்கிறது. துணைப் புரதம் நீக்கிய தயாரிப்பை முயன்று பார்க்கலாம். மூளையில் மின்முனை பதிக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. மருத்துவர் எதற்கும் உறுதி தரவில்லை. எல்லா ஊசியையும் நிறுத்தச் சொன்னார். தேதி, மருந்தின் பெயர், யூனிட் மூன்றையும் எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். நோட்டு வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் அழகு கிளினிக்கின் மூன்று தேதிகளையும் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். பெயருக்கும் யூனிட்டுக்கும் உரிய இடம் காலியாக இருக்கிறது.