பரிமாறச் சென்ற மருமகன்

திருநெல்வேலியில் இரவு வண்டி ஏறினால், விடியும் வேளையில் கரூர், ஈரோடு, திருப்பூர் என்று கொங்கு நாட்டு ஊர்கள் ஒவ்வொன்றாகச் சன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். சென்ற கார்த்திகைத் திங்களில் அவ்வண்டியில் நான் கோவைக்குச் சென்றேன். உடன் வந்தவன் என் தங்கை மகன். வயது முப்பத்து நான்கு. மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. பதினோராண்டுகள் ஓர் அச்சகத்தில் இயந்திரத்தோடு இயந்திரமாய் உழைத்தவன். கல்யாணப் பத்திரிகைகள் கைப்பேசிக்குள் புகுந்தபின் அச்சகத்தார் கதவைச் சாத்தினர். ஆறு மாதம் வீட்டில் இருந்தான். பின்னர் அறிந்தவர் ஒருவர் மூலம், கோவையில் ஒரு சைவ உணவு விடுதியில் பரிமாறும் வேலை இருப்பதாகச் செய்தி வந்தது.

வேலைக்கு ஆள் கிடைத்தது போல் வீட்டில் அமைதி கிடைக்கவில்லை. “எச்சில் இலை எடுக்கவா உன்னைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தேன்?” என்று அவன் தந்தை கேட்டார். என் மைத்துனர் கெட்டவர் அல்லர். ஊரார் கேட்கப் போவதைத் தாமே முந்திக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். மருமகன் பதில் பேசவில்லை. பதில் பேசுகிற வழக்கமே அவனிடம் இல்லை. அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் பதினோராண்டுகள் வாய்திறவாது நின்றவனுக்கு, முன்பின் அறியாத மனிதர் முகத்தைப் பார்த்து “என்ன வேண்டும்?” என்று கேட்பதே பெருமலையாய்த் தோன்றியது. வண்டியில் இரவெல்லாம் அவன் உறங்கவில்லை. நானும் உறங்கியதாகப் பாசாங்கு செய்தேன்.

கோவை நிலையத்தில் இறங்கியதும் முகத்தில் படும் அந்தக் குளிர்காற்றை வாசகர் பலர் அறிவர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் வரும் காற்று அது. நிலையத்திற்கு எதிரே ஒரு கடையில் காப்பி அருந்தினோம். கொண்டுவந்து வைத்த இளைஞன், “சர்க்கரை போதுங்களா?” என்றான். மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த ‘ங்க’ அவன் காதில் விழுந்துவிட்டது என்று அறிந்தேன்.

கொங்குத் தமிழின் தனிச் செல்வம் அந்த ஈரெழுத்து. “ஏனுங்க”, “சரிங்க”, “இல்லீங்க” என்று மறுப்பதற்கும் மரியாதை சேர்த்தே மறுக்கிற ஊர் இது. சண்டையிலும் ‘ங்க’ போடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கள் நெல்லைச் சீமையிலோ அன்பு மிகும்போது ‘லே’ வந்துவிடும். வேற்றூராருக்கு அது அதட்டலாய்க் கேட்கும்.

விடுதியின் மேற்பார்வையாளர் வயது முதிர்ந்தவர். மருமகனின் சான்றிதழ்களை அவர் புரட்டியும் பார்க்கவில்லை. கைகளை நீட்டச் சொல்லி நகங்களைப் பார்த்தார். “முதல் பத்து நாள் மேசை துடையுங்க. அப்புறம் தண்ணி வையுங்க. அதுக்கப்புறம் வாளியைத் தொடலாமுங்க” என்றார். கிளீனர், சப்ளையர், சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், கல்லாவில் கேஷியர் என்று அந்த உலகத்திற்கும் படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு கல்வி உண்டு. ஐந்து பேர் ஐந்து விதமாய்ச் சொன்னதை எழுதாமல் நினைவில் வைத்து, அடுக்களைச் சன்னலில் ஒரே மூச்சில் சொல்லவேண்டும். இடக்கையில் நான்கு தட்டுகளை முழங்கை வரை அடுக்கி, ஓடும் பிள்ளைகளுக்கு ஊடே நடக்கவேண்டும். சட்டினி தீர்ந்ததை உண்பவர் கேட்குமுன் காணவேண்டும். இதனைப் ‘படிக்காதவன் வேலை’ என்று சொல்பவர்கள் ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அதைச் செய்து பார்க்கட்டும்.

அவனை அங்கே விட்டுவிட்டுச் சிங்காநல்லூரில் என் பழைய நண்பர் வீட்டில் மூன்று நாள் தங்கினேன். வாசலில் நுழைந்ததும், பேச்சுக்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. பிறகு “உட்காருங்க” வந்தது. பகலில் அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். இரவில் கொள்ளு ரசம். மறுநாள் காலை சந்தகை. விருந்து என்று எவரும் சொல்லவில்லை. வீட்டில் உள்ளதைப் பகிர்ந்தார்கள். கம்பும் ராகியும் கொள்ளும் விளைந்த வறண்ட பூமியின் சமையல் இது. ஆரவாரம் குறைவு, வயிறு நிறைவு. மேசை துடைத்துத் தண்ணீர் வைப்பதே முதற்பாடம் என்று அந்த மேற்பார்வையாளர் சொன்னதன் பொருள் அந்தச் சொம்பைக் கண்டபோது எனக்கு விளங்கியது.

உணவு விடுதிகள் இவ்வூரில் இவ்வளவு செழித்ததற்கு ஆலைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கினார். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஷிப்டு முறையில் உழைக்கும் மக்கள் வேளை கெட்ட வேளையில் பசியாற இடம் வேண்டும் அல்லவா? பிறகு ஊர் வளர்ந்தது, விடுதிகளும் வளர்ந்தன. ஈரோட்டில் 1960-இல் ஒரு கணவனும் மனைவியும் வீட்டுச் சமையலாய்த் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா இன்று பல நகரங்களில் உள்ளது. கோவையில் 1968-இல் தாமோதரசாமி நாயுடுவும் அவர் உடன்பிறந்தாரும் தொடங்கிய அன்னபூர்ணாவின் சாம்பாரைப் பற்றி நான் புதிதாய்ச் சொல்ல என்ன இருக்கிறது? இட்லி அதில் மிதந்துதான் வரவேண்டும் என்பது இவ்வூராரின் தீர்ப்பு. நானும் அதற்கு உடன்பட்டவனே.

மூன்றாம் நாள் மருமகனுக்குப் பிற்பகல் ஓய்வு. இருவரும் அவிநாசி சாலையில் நடந்தோம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டர் நீளும் புதிய மேம்பாலம் தலைக்கு மேலே சென்றது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அப்பாலத்திற்கு ஜி.டி. நாயுடு பெயர். அச்சாலையிலேயே அவர் பெயரால் அருங்காட்சியகமும் இருக்கிறது. நான் சொல்லக் காத்திருந்த கதைக்கு இடம் வாய்த்தது.

சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப்படிப்பில் மனம் ஒட்டாதவர். இளைஞராய் இருந்தபோது ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். கண்ணை எடுக்க முடியவில்லை. அதனை வாங்கப் பணம் வேண்டும். கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் சேமித்து, ஏறத்தாழ முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார் என்பர். வாங்கியதும் ஓட்டினார் என்று நினைக்கவேண்டாம். பிரித்துப் போட்டார், மீண்டும் பூட்டினார். 1920-இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவானதில் பாலசுந்தரம் நாயுடுவோடு அவருக்கும் பங்குண்டு. 1945-இல் பொறியியல் கல்வி நிலையம் தொடங்கப் பொருளும் உழைப்பும் தந்தார். 1974-இல் மறைந்தார். இத்தனைக்கும் முதற்பணம், மற்றவர் முன் தட்டு வைத்து ஈட்டிய பணம்.

கதையைச் சற்று உரக்கவே சொன்னேன். முடித்ததும் பெருமிதமாய் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மெல்லச் சிரித்தான். “மாமா, அவரு மோட்டார் சைக்கிள் வாங்க வேலைக்குப் போனாரு. நான் வீட்டு வாடகை கொடுக்கப் போறேன்” என்றான்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. ஆறுதல் சொல்ல விரைகிறவர்கள் எதிரே இருப்பவனின் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஆறு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

ஊர் திரும்பினேன். தொலைபேசியில் அவன் சொல்லத் தொடங்கிய செய்திகள் முதலில் ஒருவரி, பின் இருவரி என்று வளர்ந்தன. சாம்பார் வாளி கைக்கு வந்த முதல் நாளே அது நடந்தது. கூட்ட நேரம். பின்னாலிருந்து யாரோ அழைக்க, திரும்பிய வேகத்தில் வாளி சாய்ந்து, வெள்ளை வேட்டி சட்டையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் மடியில் சாம்பார் கொட்டிவிட்டது. “நாக்கு ஒட்டிக்கிட்டு மாமா. மன்னிச்சிருங்கன்னு சொல்ல வரல” என்றான். அந்தப் பெரியவர் எழுந்து, வேட்டியை உதறி, “ஆறின சாம்பாருதானுங்க தம்பி. தொவச்சாப் போயிருமுங்க” என்றாராம். மேற்பார்வையாளர் துணியும் தண்ணீரும் கொண்டுவந்து தாமே துடைத்துவிட்டார். மருமகன் அடுக்களைப் பக்கம் ஒதுங்கி, அன்றிரவே ஊருக்கு வண்டி ஏறுவதென்று எண்ணி நின்றான். அப்போது அவர் வந்து, வாளியை மீண்டும் நிரப்பி அவன் கையில் கொடுத்தார். “அதே மேசைக்கு நீங்களே போங்க” என்றார். வேறொரு சொல் சொல்லவில்லை.

அவன் போனான். “பெரியவரே, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுங்களா?” என்று கேட்டான். மேசையில் இருந்த நால்வரும் சிரித்துவிட்டார்கள். அவனையறியாமல் அந்த ‘ங்க’ அன்றுதான் முதன்முதலாய் நாவில் வந்ததாம்.

மாசியில் மீண்டும் கோவை சென்றேன். இம்முறை என் மைத்துனரும் வந்தார். வருவதாகச் சொல்லி வரவில்லை; நிலையத்தில் பையோடு நின்றார். விடுதியில் ஓர் ஓரமேசையில் அமர்ந்தோம். மருமகன் தொலைவில் நின்று எங்களைக் கண்டான், ஓடி வரவில்லை. எதிர்மேசையில் ஒரு குடும்பத்தாருக்கு வேண்டியதைக் கேட்டு முடித்து, அடுக்களைச் சன்னலில் “ரெண்டு ரோஸ்ட், ஒண்ணு முறுகலா, ஒரு ஊத்தப்பம் வெங்காயம் தூக்கலா” என்று குரல் கொடுத்தான். கூடம் முழுவதும் கேட்கும் குரல். பதினோராண்டு இரைச்சலுக்குள் இவ்வளவு நல்ல குரலா அடங்கிக் கிடந்தது?

அவனோடு ஒரு வட இந்தியப் பையன் நின்றான். இருபது வயது இருக்கும். புதிதாய்ச் சேர்ந்தவன். தமிழ் அரைகுறை. எங்கள் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவனை அனுப்பினான் மருமகன். பையன் இரு தம்ளர்களையும் வைத்துவிட்டு, “வேற என்ன வேணும்?” என்றான். பின்னாலேயே வந்த மருமகன் அவன் தோளில் கைவைத்து, “வேணுமுங்க” என்றான் தாழ்ந்த குரலில். பையன் திருத்திச் சொன்னான்.

மைத்துனர் தம்ளரைக் கையில் எடுத்தார். மகனை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு இட்லி கொண்டு வாங்க” என்றார்.