ஒயில் அல்லாத ஒயில்

கலைப்பட்டதாரி ஒருவனுக்குக் காரின் அடிப்பாகத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பதினெட்டு வளைவில் பிறேக் இல்லாமல் இறங்கியவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கில்லை.

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியே மலையேறுவர். மகியங்கனைக்கு அப்பால் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பகுதிக்கே அந்தப் பெயர். 2018இல் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவியும் மகளும் பின்னிருக்கையில் உறங்கிவிட்டனர். ஐந்தாறு வளைவுகள் இறங்கியிருப்பேன். பிறேக் மிதி மெதுமெதுவென்று இறங்கியது. மறுமுறை மிதித்தபோது தரையைத் தொட்டுவிட்டது. இரண்டாம் கியர், முதலாம் கியர், கைப்பிறேக் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் பிரயோகித்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் காரைச் சாய்த்து நிறுத்தினேன். மகள் கண்விழித்து, "வீட்ட வந்திட்டமா அப்பா?" என்றாள்.

அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தேன். பிறேக் வழமைபோல் உறுதியாக நின்றது! அதுதான் என்னை மேலும் அச்சுறுத்தியது. எஞ்சிய வளைவுகளை முதலாம் கியரில் ஊர்ந்தே கடந்தோம். ஊருக்கு வந்ததும் கராஜ் ஒன்றில் காட்டினேன். ஒழுக்கு இல்லை, ஒரு குறையும் இல்லை, நீங்கள் பயந்துபோனீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

விடை கிடைத்தது பக்கத்து வீட்டில். போக்குவரத்துச் சபை டிப்போவில் பஸ்களுடன் ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்றவர் அவர். கதையைக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"இந்த ஒயிலை மாத்தி எத்தினை வருசம் தம்பி?"

"மாற்றுவதா? குறைந்தால் ஊற்றுவதுதானே அண்ணன்?"

"அது ஒயிலே இல்ல தம்பி. ஒயிலெண்டு சொல்லிச் சொல்லித்தான் ஆக்கள் கெட்டுப்போறது."

நாம் பிறேக் ஒயில் என்று அழைக்கும் திரவம், நமது கார்களில் பெரும்பாலானவற்றில், கிளைக்கோல் வகையைச் சேர்ந்த இரசாயனம். எண்ணெய் தண்ணீரை விலக்கும். இது தண்ணீரைத் தன்னுள் இழுக்கும். இறப்பர்க் குழாய்களின் ஊடாகவும் தாங்கியின் மூடி வழியாகவும் காற்றின் ஈரத்தைச் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளும். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் கொண்ட எங்கள் மணல்திட்டில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? 'டொட் 3' எனப்படும் வகை, புதியதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர நியமம். அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால், அதே நியமம் கேட்கும் எல்லை 140 பாகை மட்டுமே. 'டொட் 4' வகைக்கு இவ்வெல்லைகள் 230, 155. மலையிறக்கத்தில் பிறேக் சூடேறித் திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நமது காலின் விசையெல்லாம் குமிழியை அமுக்குவதில் போய்விடுகிறது. ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், தடயமும் இராது. கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஆறிய காரை.

எங்கள் ஊரில் பெரிய மலை கல்லடிப் பாலம்தான். அங்கே எந்தப் பிறேக்கும் கொதிக்காது. ஆகவே பழுதான திரவத்துடன் பல ஆண்டுகள் நிம்மதியாக ஓடலாம், ஒருநாள் கண்டிக்குப் போகும்வரை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மேற்பார்வையில் எங்கள் வளவில் வேலை தொடங்கியது. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் முன்னர் பாதையில் வாகனம் ஏற்றிய பழக்கத்தில், சில்லுக்குக் கல் வைப்பதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஜக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்டியபோது அண்ணன் அதட்டினார். தாங்கி வைத்த பின்பே சில்லைக் கழற்ற விட்டார். முன் சில்லின் பிறேக் பாட்களில் ஒன்று 2 மில்லிமீற்றராகத் தேய்ந்திருந்தது, மற்றது பாதிகூடத் தேயவில்லை. கலிப்பர் வழுக்கும் ஊசி உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்ததே காரணம். அதைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிறீஸ் பூசி, கலிப்பரை இறப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். புதிய பாட்டுக்கு இடம்விடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது திரவம் தாங்கிக்குத் திரும்பி ஏறும் என்பதை நான் அறியேன். வழிந்த சில துளிகளை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாததால் மட்கார்ட்டின் வர்ணம் சுருண்டுபோனது. அந்தத் தழும்பு இன்றும் உண்டு.

இடையில் என் மருமகன், பாதி மிஞ்சியிருந்த என்ஜின் ஒயில் தகரத்துடன் வந்து நின்றான். "மாமா, இதை ஊத்தினால் என்ன?" அதை ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிப்போகும்; மறுகா எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார் அண்ணன். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியதை எழுதியவன் நான். ஓடுவதற்கு மாற்றுவழி தேடலாம்; நிற்பதற்கு அது செல்லாது என்பதை அன்றுதான் யோசித்தேன்.

காற்று இறக்குவதற்கு மிதியில் உட்கார்ந்தவள் மகள். "மிதி... பிடி... விடு!" நான் நிப்பிளைத் திறந்து மூட, போத்தலுக்குள் தேநீர் நிறத்தில் இறங்கியது, ஆண்டுக்கணக்காக நான் நம்பியிருந்த திரவம். பின் இடது சில்லில் தொடங்கி நான்கையும் முடித்தபோது தெளிந்த நிறம் வந்தது. பழையதை மூலையில் ஊற்றப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். மணல்தரையில் ஊற்றினால் அது போகுமிடம் கிணறு. மூடிய போத்தலில் கழிவு ஒயில் எடுக்கும் கராஜுக்குக் கொடுத்தேன்.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தபோது விலை என் ஓய்வூதியக் கனவுக்கு எட்டவில்லை. ஆகவே அதே கார்தான். அண்ணன் இப்போது இல்லை. பொனற்றைத் திறந்தால், தாங்கியின் அருகே அவர் ஒட்டச் சொன்ன வெள்ளைப் பிளாஸ்டரில் திரவம் மாற்றிய திகதிகள், இரண்டு ஆண்டுக்கு ஒன்றாக, கீழிறங்குகின்றன. கடைசித் திகதி மகளின் கையெழுத்தில் இருக்கிறது.