பனி கரைந்த வீடு

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடலை நோக்கி வட்ட முகம் காட்டி நிற்கிறது ஒரு பழைய மாளிகை. ஏட்டிலே அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். பேருந்து நடத்துநர் வாயிலே இன்றும் அது 'ஐஸ் அவுஸ்'தான்!

எட்டாம் வகுப்பு மாணவியரை அங்கு அழைத்துச் சென்றோம். 1842-இல் அமெரிக்க வணிகர் பிரெடரிக் டூடரின் நிறுவனம் எழுப்பிய பனிக்கட்டிக் கிடங்கு இது என்றோம். பாஸ்டன் வட்டார ஏரிகளில் வெட்டிய பாளங்களை மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் கொணர்ந்து, வெள்ளைத் துரைமாரின் கோப்பையைக் குளிர்வித்த கதையைச் சொன்னோம். எந்திரம் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் கரைந்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். 1897-இல் விவேகானந்தர் சில நாட்கள் தங்கினார். அத்தோடு முடித்தோம்.

"ஐயா, பெண்கள் யாருமே இங்கே வாழவில்லையா?" என்றாள் ஒருத்தி.

நாணினோம். வாழ்ந்தார்கள்! தெரிந்தும் ஏன் விழுங்கினோம்? பார்ப்பன விதவையருக்கென்றே அமைந்த விடுதி அது. நாம் ஏன் அதைப் பேசவேண்டும் என்ற எண்ணம் நெஞ்சின் மூலையில் பதுங்கியிருந்தது. அடுத்தவர் மூளையில் படிந்த தூசியைத் தட்டப் புறப்பட்ட நாம், நம் மூளையைத் தட்டவேண்டாமா?

கடற்கரை மணலில் அமர்த்திச் சொன்னோம். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-இல். சட்டம் வந்தது, சமூகம் அசைந்ததா? அரை நூற்றாண்டு கடந்தும், விளையாடும் வயதிலே தாலி, அது தேயுமுன்னே தலைமழிப்பு, பிறகு இருட்டறை! அவ்வாறு சிறுவயதிலே கணவனை இழந்த சுப்புலட்சுமி, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற சிறுமியரைத் திரட்டிக் கற்பித்தார். அவ்விடுதிதான் பின்னர் இவ்வீட்டுக்கு வந்தது. அபசகுனம் என்று அகற்றப்பட்டவர்கள் ஆசிரியைகளாய் வெளியேறினர்! கதவு ஒரு சாதிக்கே திறந்தது குறைதான், சொல்வோம். உள்ளே விளக்கு எரிந்தது உண்மை, அதையும் சொல்வோம்.

மாணவியர் எழுந்தனர். கேள்வி கேட்டவள் மட்டும் எழவில்லை.

"எங்கள் அக்காவை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், ஐயா. மாப்பிள்ளை பார்க்கிறார்கள்."

தோழர்களே, பழைய வீட்டின் வரலாறு அந்த மணலிலே முடியவில்லை. நாளை மாலை அச்சிறுமியின் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம். திறக்கும்வரை தட்டுவோம்!